பாளையங்கோட்டைப் பட்டாளம் இறங்கிய கரை: கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனைப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: டாங்கா

63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்ற பெயரை நான் முதன்முதலில் படித்தது ஒரே ஒரு வாக்கியத்தில்தான். முதல் உலகப் போரில், 1914 நவம்பர் 4ஆம் தேதி பிற்பகலில், கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை ஊரான டாங்காவுக்கு வெளியே, அந்தப் படை களத்தை விட்டு ஓடிவிட்டது என்பதே அந்த வாக்கியம். போரைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதற்கு மேல் அந்தச் சிப்பாய்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஒற்றை வாக்கியம் பல ஆண்டுகளாக முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அவர்கள் எந்த நிலைமையில் ஓடினார்கள், எங்கிருந்து எங்கே ஓடினார்கள் என்பதை அந்த மண்ணிலேயே நின்று பார்க்க வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன்.

டாரஸ்ஸலாமிலிருந்து டாங்காவுக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு பகல் பொழுது ஆகிறது. ஊர் நெருங்க நெருங்க, சாலையின் இருபுறமும் சைசல் கற்றாழை வரிசை வரிசையாக நிற்கிறது. இந்தப் பயிரை இங்கே கொண்டுவந்தவர்கள் ஜெர்மானியர்கள். இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியும் ருவாண்டாவும் புருண்டியும் சேர்ந்த நிலப்பரப்பு அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா என்று அழைக்கப்பட்டது. அதைக் காக்க, போர் தொடங்கியபோது ஏறத்தாழ 2,500 ஆப்பிரிக்க வீரர்களும் 260 ஜெர்மானியர்களும் மட்டுமே இருந்தனர். 'அஸ்காரி' என்று அழைக்கப்பட்ட அந்த ஆப்பிரிக்க வீரர்களை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக்.

டாங்காவிலிருந்து கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி வரை உசாம்பரா ரயில்பாதை போடப்பட்டிருந்தது. துறைமுகத்தைப் பிடித்தால் ரயில்பாதை கைக்கு வரும், ரயில்பாதை வந்தால் வடக்குப் பகுதி முழுவதும் வரும் என்று கணக்கிட்ட பிரிட்டிஷ் அரசு, அந்தப் பொறுப்பை இந்தியாவிலிருந்து அனுப்பிய ஒரு படையிடம் ஒப்படைத்தது. 'இந்தியப் படையெடுப்புப் படை பி' என்று பெயரிடப்பட்ட அதில் ஏறத்தாழ 8,000 பேர் இருந்தனர்.

மாலையில் ராஸ் காசோனே முனைக்கு நடந்தேன். கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பவளப்பாறைக் கரை அது. பாறையில் கைவைத்துப் பார்த்தால் விரல் கீறும் அளவுக்குக் கூர்மை. நனைந்த சீருடையும் துப்பாக்கியும் தோட்டாப் பையுமாக ஒருவர் இரவில் இதன் மேலே ஏறுவதைக் கற்பனை செய்துகொண்டு, இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள்: ராஸ் காசோனே

இன்று காலை முதல் எனக்குத் துணையாக வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். வயதில் மூத்தவர்களை இங்கே 'ம்ஸே' என்று மரியாதையாக அழைக்கிறார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். போர் நடந்த இடத்தின் பெரும்பகுதி இப்போது வீடுகளும் தென்னையும் மாமரமுமாக மாறியிருக்கிறது. இருந்தாலும் கரையிலிருந்து ஊரை நோக்கி நிலம் எப்படிப் போகிறது என்பதைக் காலால் அளந்தால் அன்றைய நிலைமை ஓரளவு புரிகிறது.

நவம்பர் 2ஆம் தேதி காலை, 'ஃபாக்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் தனியாக டாங்கா துறைமுகத்துக்கு வந்தது. அதன் தலைவர் கேப்டன் கால்ஃபீல்ட், ஊரை ஒரு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று ஜெர்மன் மாவட்ட அதிகாரி அவுராகரிடம் சொன்னார். துறைமுகத்தில் கண்ணிவெடி உண்டா என்றும் அவரிடமே கேட்டார். அந்த நிமிடமே எதிரிக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. இல்லாத கண்ணிவெடிகளைத் தேடித் துழாவுவதில் பொழுது போக, லெட்டோ-ஃபோர்பெக் மோஷியிலிருந்து தன் ஆள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஊரில் இருந்தது கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவு ஒன்றே ஒன்று. அன்று பிற்பகலே மொத்தப் படையும் இறங்கியிருந்தால் டாங்கா சண்டையின்றியே விழுந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அன்றிரவு 13ஆம் ராஜபுத்திரர் படையும் 61ஆம் பயனியர் படையும் கரையிறங்கின. சென்னை மாகாணத்திலிருந்து திரட்டப்பட்ட படைகளில் பாளையங்கோட்டைப் படையைப் போலவே இந்தப் பயனியர் படையும் ஒன்று. பாதை வெட்டுவதும் மண் அணை எழுப்புவதும்தான் இவர்களின் சிறப்புப் பயிற்சி. விடியற்காலையில் இவர்களை ஊருக்குள் அனுப்பினார்கள். இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் சிதறித் திரும்பினார்கள். எஞ்சிய படை கரையிறங்கி முடிப்பதற்கு 4ஆம் தேதி காலை ஆகிவிட்டது. அன்று நண்பகலில், வெயில் உச்சியில் நிற்கும்போது, படைத்தலைவர் மேஜர் ஜெனரல் ஏய்ட்கன் முன்னேறும்படி ஆணையிட்டார். இந்த நிலத்தை நன்கு அறிந்த ஆப்பிரிக்கத் துப்பாக்கிப் படையின் உதவியை அவர் முன்பே மறுத்திருந்தார். வேவுபார்க்கவும் ஆள் அனுப்பவில்லை.

ம்ஸே என்னை ஒரு ரப்பர் மரத்தோப்பு இருந்த இடம் என்று சொல்லப்படும் பகுதிக்கு அழைத்துச் சென்றார். மரங்களும் ஆளுயரப் புதர்களும் அன்று இங்கே அடர்ந்திருந்தன. பத்தடி தூரத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வரிசை குலையாமல் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துப் படை எங்கே இருக்கிறது என்று தெரியாமல், சுடுபவர் யார் என்றும் தெரியாமல் நடந்தவர்களில் பாளையங்கோட்டைப் படையும் இருந்தது. இயந்திரத் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கியதும் அந்தப் படை கலைந்து கரையை நோக்கித் திரும்பியது என்பது உண்மை. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

ஆனால் அந்தப் படை எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பம்பாயிலிருந்து அக்டோபர் 16ஆம் தேதி கப்பல்கள் புறப்பட்டன. அதற்கு முன்பே பல நாள்கள் துறைமுகத்தில் கப்பலிலேயே காத்திருந்தவர்கள் உண்டு. நெரிசலும் வெக்கையும் கடல்நோயும் சேர்ந்து அவர்களை வாட்டியிருந்தன. நாள்கணக்கில் நடமாட்டமின்றிக் கிடந்த கால்களோடு நேராகப் போருக்கு இறக்கப்பட்டார்கள். இதற்கும் முன்னால் போனால் இன்னொரு காரணம் கிடைக்கிறது. 1880களில் சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு உகந்தவர்கள் அல்லர் என்ற கருத்தைப் பிடிவாதமாக வளர்த்தவர். 'போர்க்குடிகள்' என்று பிரிட்டிஷார் வகுத்த பட்டியலில் சென்னை மாகாணத்தாருக்கு இடமில்லாமல் போனது. சென்னைப் படைகள் சில கலைக்கப்பட்டன. சிலவற்றில் பஞ்சாபியர் நிரப்பப்பட்டனர். எஞ்சியவற்றுக்கு ஒரு தலைமுறைக் காலம் போர்முனை அனுபவமே கிடைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் திரட்டப்பட்டு ஆங்கிலேயருக்காகத் தென்னாட்டுப் போர்களில் நின்ற ஒரு படையை இப்படி முப்பது ஆண்டுகள் மூலையில் வைத்துவிட்டு, பிறகு முன்னறிவிப்பின்றிப் புதருக்குள் தள்ளிவிட்டு, அது சிதறியதும் 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்று எழுதிக்கொண்டார்கள். இதை எண்ணும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்கவும் நான் விரும்பவில்லை.

அன்று அத்தனை இந்தியப் படைகளும் சிதறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காஷ்மீர் படையினரும் வட லங்காஷயர் படையினரும் ஊருக்குள்ளேயே புகுந்து, சுங்கச்சாவடியையும் ஒரு ஜெர்மன் விடுதியையும் பிடித்தார்கள். இடப்பக்க ஓரத்தில் இருந்த 101ஆம் கிரனேடியர் படை, பக்கவாட்டிலிருந்து லெட்டோ-ஃபோர்பெக் ஏவிய எதிர்த்தாக்குதலில் மிகப் பெரும் இழப்பைச் சந்தித்தது.

தேனீக்களின் கதையையும் ம்ஸே காட்டித்தான் புரிந்துகொண்டேன். நகருக்குச் சற்று வெளியே, ஒரு மரத்தின் உயரக் கிளையில் குடைந்த மரத்துண்டு ஒன்று கயிற்றில் படுக்கைவாட்டில் தொங்கியது. இருமுனையும் அடைத்து, நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. இப்படிப்பட்ட தேன்கூட்டுக் கட்டைகள் அன்று இந்தத் தோப்புகளில் எங்கும் தொங்கின. துப்பாக்கிக் குண்டுகள் அவற்றைத் துளைக்கவும், ஆயிரக்கணக்கான தேனீக்கள் வெளியே வந்து கண்ணில் பட்டவரையெல்லாம் கொட்டின. ஜெர்மானியர் திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சி என்று பிரிட்டிஷ் தரப்பில் சிலர் நம்பினார்கள். ஆனால் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி ஆள்களும் அதே தேனீக்களிடம் மாட்டிக்கொண்டு தவித்தார்கள்.

என் மனத்தை மிகவும் வருத்தியது அன்றிரவு நடந்த செய்தி. குழப்பத்தில் ஜெர்மன் படையும் ஊரை விட்டு மேற்கே விலகிவிட்டது. 4ஆம் தேதி இரவில் டாங்கா நகரம் காவலின்றிக் கிடந்தது. அது தெரியாமல், மறுநாள் ஏய்ட்கன் தன் படையை மீண்டும் கப்பலேற்றினார். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமடைந்தும் காணாமலும் போயிருந்தனர். கரையில் விட்டுச் சென்ற நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் 16 இயந்திரத் துப்பாக்கிகளும் சுமார் ஆறு லட்சம் தோட்டாக்களும் லெட்டோ-ஃபோர்பெக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எட்டாயிரம் பேரை எதிர்த்து நின்றவர்கள் ஆயிரம் பேர்தான்.

மூன்றாம் நாள்: கல்லறைத் தோட்டமும் எல்லையும்

காலையில் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். புல் சீராக வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. உங்கள் ஊர்க்காரர்கள் இங்கே இருக்கிறார்களா என்று ம்ஸே கேட்டார். இருக்கிறார்கள், ஆனால் எனக்கு ஒருவர் பெயரும் தெரியாது என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "போலே" என்றார். துக்கம் நேர்ந்தவரிடமும், தடுக்கி விழுந்தவரிடமும், பெரும் சுமை தூக்கிச் செல்பவரிடமும் சுவாஹிலி மக்கள் சொல்லும் ஆறுதல் சொல் அது. 'உன் வருத்தம் எனக்குத் தெரிகிறது' என்ற பொருளில் வரும் அந்தச் சொல்லுக்கு நேரான ஒரே சொல் நம் மொழியில் எனக்குத் தோன்றவில்லை.

2021இல் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் மடிந்த இந்தியர், கிழக்கு ஆப்பிரிக்கர், மேற்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர், சோமாலியர் உள்ளிட்டோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரிட்டு நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. கல்லில் பெயர் பொறிப்பதா, எண்ணிக்கை மட்டும் போதுமா என்று ஒரு அலுவலக மேசையில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

பிற்பகலில் ம்ஸேயிடம் விடைபெற்று, வடக்கே கென்ய எல்லையை நோக்கிப் புறப்பட்டேன். வழியில் கடலோரமாக இருக்கும் யாசின் என்ற சிற்றூரில் 1915 ஜனவரி 18, 19 தேதிகளில் இன்னொரு சண்டை நடந்தது. காஷ்மீர் படையினரும் கிரனேடியர்களுமாக ஏறத்தாழ முந்நூறு பேர் கொண்ட காவல்படை, தண்ணீரும் தோட்டாவும் தீரும் வரை லெட்டோ-ஃபோர்பெக்கின் பெரும்படையை எதிர்த்து நின்றது. அதன் தலைவர் ரகுபீர் சிங் களத்திலேயே மாண்டார். கடைசியில் அவர்கள் சரணடைந்தாலும், வெற்றி பெற்ற லெட்டோ-ஃபோர்பெக்குக்கே அது பாடமாக அமைந்தது. தேர்ந்த அதிகாரிகள் பலரையும் தோட்டாக் கையிருப்பில் பெரும்பகுதியையும் இழந்த அவர், இப்படிப்பட்ட நேரடிச் சண்டை தனக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டுகொண்டு, அடித்துவிட்டு விலகும் போர்முறைக்கு மாறினார். அடுத்த நான்கு ஆண்டுகளின் போக்கை முடிவுசெய்தது யாசின்தான் என்று நான் நினைக்கிறேன். அங்கே சண்டையின் அடையாளமாக என் கண்ணில் எதுவும் படவில்லை. தென்னந்தோப்பும் உப்புக்காற்றும் மட்டும் இருந்தன.

நான்காம் நாள்: மொம்பாசா, வோய்

மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டையில், 'கோனிக்ஸ்பெர்க்' என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பீரங்கி ஒன்றைப் பார்த்தேன். ருஃபிஜி ஆற்றின் கழிமுகத்தில் ஒளிந்திருந்த அந்தக் கப்பலை 1915 ஜூலை 11இல் பிரிட்டிஷார் செயலிழக்கச் செய்தார்கள். அதன் பத்துப் பீரங்கிகளையும் ஜெர்மானியர் கழற்றியெடுத்து, சக்கரம் பூட்டி, தரைப்போரில் பயன்படுத்தினார்கள். மாலை ரயிலில் வோய் வந்து சேர்ந்து, நாளைய பயணத்துக்கு வண்டி ஏற்பாடு செய்துவிட்டு உறங்கப் போகிறேன்.

ஐந்தாம் நாள்: மக்டாவ், சலாய்டா, டவேட்டா

வோயிலிருந்து மேற்கே டவேட்டா வரை நீளும் வறண்ட முட்காட்டின் ஊடே, 1915இல் ஒரு ராணுவ ரயில்பாதை போடப்பட்டது. இந்திய ராணுவத்தின் ரயில்வே கம்பெனிகள் போட்ட பாதை அது. தண்டவாளத்தை முன்னே நகர்த்துவதைவிடத் தண்ணீரை முன்னே நகர்த்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. மலையிலிருந்து குழாய் பதித்துக் கொண்டுவந்தார்கள். இன்றும் சாலையோரம் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, செம்மண் தூசு கணுக்கால் வரை ஏறியது. அரைமணி நேரத்தில் கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது.

சலாய்டா ஒரு தனிக்குன்று. சமவெளியில் யாரோ கொட்டிவிட்டுப் போன மண்மேடு போல நிற்கிறது. 1916 பிப்ரவரி 12இல், புதிதாக வந்திறங்கிய தென்னாப்பிரிக்கக் காலாட்படை இதைத் தாக்கியது. பிரிட்டிஷ் பீரங்கிகள் குன்றின் உச்சியைக் குறிவைத்துப் பொழிந்தன. எதிரியின் உண்மையான பதுங்குகுழிகளோ அடிவாரத்தில் இருந்தன. நான் அடிவாரப் புதருக்குள் குனிந்து நின்று பார்த்தேன்: சமவெளியில் வருபவர் ஒவ்வொருவரும் தெளிவாகத் தெரிகிறார்கள், வருபவருக்கோ குன்றின் தலை மட்டுமே தெரியும். நூற்றுக்கும் மேற்பட்ட இழப்புகளோடு தென்னாப்பிரிக்கர் பின்வாங்கினார்கள். அந்தப் பின்வாங்கலுக்குக் காப்பாக நின்றவர்கள் இந்தியாவிலிருந்து வந்த 130ஆம் பலூச்சிப் படையினர். முகாமில் இந்தியச் சிப்பாய்களைத் தென்னாப்பிரிக்கர் 'கூலிகள்' என்று இளக்காரமாக அழைத்துவந்தனர். அவர்கள் களத்தில் விட்டுவிட்டு ஓடிய இயந்திரத் துப்பாக்கி ஒன்றை மீட்டுத் திருப்பி அனுப்பிய பலூச்சிகள், இனி எங்களைக் கூலிகள் என்று அழைக்காதிருக்கும்படி வேண்டுகிறோம் என்று ஒரு சீட்டும் சேர்த்து அனுப்பினார்கள் என்ற செய்தி இந்தப் போரைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த இடத்தில் எனக்கு டாங்கா நினைவுக்கு வந்தது. சலாய்டாவில் சிதறியவர்கள் வெள்ளையர்கள். அவர்கள் அனுபவமற்றவர்கள், தலைமை தவறானது, வேவு போதவில்லை என்று வரலாறு அவர்களுக்காகக் காரணங்களை அடுக்குகிறது. அந்தக் காரணங்கள் எல்லாம் உண்மையே. அதே காரணங்கள் பதினைந்து மாதங்களுக்கு முன் டாங்காவிலும் இருந்தன. அங்கே மட்டும் பழி இனத்தின் மேல் விழுந்தது.

டவேட்டாவுக்கு மேற்கே லடேமா, ரேயாட்டா என்ற இரட்டைக் குன்றுகளை மாலை வெளிச்சத்தில் பார்த்தபடி எல்லையைக் கடந்தேன். மார்ச் 11, 12 தேதிகளில் அங்கே இரவெல்லாம் சண்டை நடந்தது. விடிந்தபோது ஜெர்மானியர் தாமாகவே விலகிப் போயிருந்தார்கள்.

ஆறாம் நாள்: மோஷியிலிருந்து ரயிலில்

மோஷி 1916 மார்ச் 13இல் பிரிட்டிஷார் வசமானது. பிரிட்டிஷ் தரப்புத் தளபதி ஸ்மட்ஸ் போர் விரைவில் முடியும் என்று எண்ணினார். லெட்டோ-ஃபோர்பெக்கோ தெற்கே தெற்கே என்று இழுத்துக்கொண்டே போனார். அடுத்து எதிர்த்து நின்றது நிலமும் நோயும்தான். ட்செட்ஸே ஈ கடித்துக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மாடுகளும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் மனிதரை வீழ்த்தின. அந்த ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கர் நோயாளிகளாக ஊர் திரும்பினர். ஜெர்மானியருக்கோ உசாம்பரா மலையிலிருந்த அமானி ஆராய்ச்சி நிலையம் சிங்கோனாப் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைன் தயாரித்துக் கொடுத்தது.

மோஷியில் ஏறிய ரயில் உசாம்பரா மலைகளின் ஓரமாக மெதுவாகவே போகிறது. ஜன்னலோரம் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலங்குகள் செத்தபின் சுமை மனிதர் தலைக்கு ஏறியது. ஒரு சுமைகாரர் தூக்கியது ஏறத்தாழ 25 கிலோ. அவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உணவு வேண்டும். பன்னிரண்டு நாள் நடந்து போய்ப் பன்னிரண்டு நாள் நடந்து திரும்பினால், தூக்கிய சுமை அவர் வயிற்றுக்கே சரியாகப் போய்விடும். முனையில் நிற்கும் சிப்பாய்க்கு ஒரு கிலோ மிஞ்சும். ஆகவே இடையிடையே நிலையங்கள் அமைத்து, ஆள் மேல் ஆளாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் ஆப்பிரிக்கர் இந்தச் சுமைப்பணிக்கு இழுக்கப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய 95,000 பேர் மாண்டதாக அரசுக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. பெரும்பாலோர் குண்டடி பட்டுச் சாகவில்லை, பசியாலும் வயிற்றுப்போக்காலும் செத்தார்கள்.

லெட்டோ-ஃபோர்பெக் 1917 நவம்பரில் ரோவுமா ஆற்றைக் கடந்து போர்ச்சுக்கீசியப் பகுதிக்குள் போனார். ஐரோப்பாவில் போர் நின்று இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25இல், இன்றைய சாம்பியாவின் ம்பாலாவில் ஆயுதங்களை ஒப்படைத்தார். தோற்கடிக்கப்படாத தளபதி என்று அவரைப் பலர் இன்றும் புகழ்கிறார்கள். அவருடைய சுமைகாரர்களும், அவர் படை தானியம் பறித்துக்கொண்டு கடந்து சென்ற ஊர்களும் அந்தப் புகழுக்குக் கொடுத்த விலையை நினைத்தால், அந்தப் புகழ்ச்சியில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை.

ஏழாம் நாள்: டாரஸ்ஸலாம்

நகரின் நடுவே, சாலைகள் கூடும் வட்டத்தில், வெண்கல அஸ்காரி ஒருவர் துப்பாக்கியும் ஈட்டிக்கத்தியுமாகப் பாய்ந்து நிற்கிறார். 1927இல் நிறுவப்பட்ட சிலை. பீடத்தில் ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் அரபியிலும் உள்ள வாசகத்தை எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங். படையின் கால்களும் கைகளுமாக இருந்தவர்கள் என்று அது சுமைகாரர்களைச் சொல்கிறது. நாட்டுக்காகப் போரிட்டால், நீ இறந்தாலும் உன் மக்கள் உன் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள் என்றும் சொல்கிறது. பீடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன். நான்கு பக்கமும் ஒரு பெயர்கூட இல்லை. 63ஆம் பாளையங்கோட்டைப் படையும் போருக்குப் பின் சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டுவிட்டது.

அங்கிருந்து கரியாக்கோ சந்தைப் பகுதிக்கு நடந்தேன். 'கேரியர் கோர்' என்ற ஆங்கிலப் பெயர், அதாவது சுமைகாரர் படை, மக்கள் வாயில் திரிந்து கரியாக்கோ ஆனது. அந்தப் படையின் முகாம் இருந்த இடமே பின்னர் சந்தையாயிற்று. நைரோபியிலும் இதே பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு லட்சம் பேரின் சாவுக்கு இந்த நகரத்தில் எஞ்சியிருக்கும் உயிருள்ள நினைவு, தினமும் பேருந்து நடத்துநர்கள் கூவி அழைக்கும் இந்த ஊர்ப்பெயர்தான்.

சந்தைக்குப் பின்புறச் சந்தில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருபது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர் பிடரியில் மூட்டையைத் தாங்கி, ஒரு கையால் அதன் காதைப் பிடித்தபடி, நீர் தேங்கிய குழிகளைத் தாண்டித் தாண்டி வந்தார். சந்து குறுகலாக இருந்ததால் நான் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டேன். அவர் என்னைக் கடக்கும்போது, "போலே" என்றேன். மூட்டைக்கு அடியிலிருந்து கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்து, "அசாந்தே" என்று நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.